சீன மண்ணில் ஒரு சோலாப்பூர் டாக்டர்

மும்பையிலிருந்து சென்னை மெயிலில் ஊருக்குப் போகிற தமிழர்களுக்குச் சோலாப்பூர் ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். புனா, டௌண்டு, குர்துவாடி எல்லாம் கடந்து வண்டி அங்கே வந்து நிற்கும். சிலர் இறங்கி டீ குடிப்பார்கள். சிலர் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார்கள். பேர்பெற்ற சோலாப்பூர் போர்வை இரண்டு வாங்கிப் பெட்டியில் திணித்துக்கொள்கிறவர்களும் உண்டு. வண்டி கிளம்பிவிட்டால் வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று மனம் ஊரை நோக்கி ஓடிவிடும். சோலாப்பூரை யார் நினைக்கப் போகிறார்கள்?

அந்தச் சோலாப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு வாலிபர், இன்றைக்கும் சீனாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயராக இருக்கிறார். அவர்தான் டாக்டர் துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ்.

1910-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிறந்தவர். வசதியான குடும்பம் அல்ல. இரண்டு சகோதரர்கள், ஐந்து சகோதரிகள். அத்தனை பேர் உள்ள வீட்டில் ஒரு பையனை டாக்டருக்குப் படிக்கவைப்பது என்றால் மற்றவர்கள் எத்தனை விஷயங்களை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பம்பாய் பரேலில் உள்ள சேட் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். கே. இ. எம். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி அது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கிற தமிழர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஓடுகிற அதே ஆஸ்பத்திரிதான்.

பட்டம் வாங்கினார். மேல்படிப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். குடும்பம் தலைநிமிர வேண்டிய நேரம் அது. அப்போதுதான் சீனாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருக்கு அல்ல, நேருவுக்கு.

சூ டேயின் வேண்டுகோள்

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின் மீது முழு யுத்தம் தொடுத்தது. பீகிங் போயிற்று, ஷாங்காய் போயிற்று, டிசம்பரில் நான்கிங்கும் விழுந்தது. சீன ராணுவத்தில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட ஆளில்லை, மருந்தில்லை. எட்டாவது மார்க்க ராணுவம் என்று பெயர் கொண்ட கம்யூனிஸ்டுப் படையின் தளபதி சூ டே, இந்தியாவிலிருந்து டாக்டர்களை அனுப்பி உதவமுடியுமா என்று கேட்டு நேருவுக்கு எழுதினார்.

அப்போது இந்தியாவே அடிமை நாடு. ஆனாலும் காங்கிரஸ் அதை ஏற்றுக்கொண்டது. 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஜூலை மாதம் சீன தினம் கொண்டாடி நிதி திரட்டினார்கள். 22,000 ரூபாய் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அதில் பெரும்பகுதி சாதாரண ஜனங்கள் கொடுத்த காலணாவும் அரையணாவுமாகத்தான் இருந்திருக்கும்.

ஐந்து டாக்டர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அலகாபாத் டாக்டர் அடல் தலைவர். அவர் ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் சேவை செய்துவிட்டு வந்தவர். நாகபுரியிலிருந்து டாக்டர் சோல்கர். கல்கத்தாவிலிருந்து டாக்டர் பாசுவும் டாக்டர் முகர்ஜியும். ஐந்தாவது ஆள் கோட்னிஸ். வயது இருபத்தெட்டு கூட நிரம்பவில்லை.

சோலாப்பூர் வீட்டில் சீனாவைப்பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. சீனப் பட்டு விற்க வருகிற சீனர்களைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அவருடைய சகோதரி ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தகப்பனார் மகனுக்கு உற்சாகம் கொடுத்து அனுப்பிவைத்தார். தாயாருக்கு மட்டும், பிள்ளை அவ்வளவு தூரம் போகிறானே என்ற துக்கம். ஒரு வருஷம்தானே, போய்விட்டு வந்துவிடுவான் என்று தேற்றிக்கொண்டிருப்பார். உண்மையிலேயே அந்தக் குழு சுமார் ஒரு வருஷ காலத்துக்கென்றுதான் புறப்பட்டது.

1938 செப்டம்பர் 1-ந் தேதி ராஜபுதானா என்ற கப்பலில் ஐவரும் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். சரோஜினி நாயுடு வழியனுப்பிவைத்தார். கப்பல் பிரயாணத்தில் மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கோட்னிஸ் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, சீனச் சொற்களையும் அவற்றின் பொருளையும் வரிசையாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். போகிற ஊரின் பாஷை தெரியவேண்டும் என்பது அவருக்குக் கப்பலிலேயே தோன்றிவிட்டது. பிழைக்க வந்த இடத்தில் பத்து வருஷம் இருந்தும் பால்காரரிடம் கையால் ஜாடை காட்டுகிறவர்களை நமக்குத் தெரியும்.

வீட்டிலிருந்து வந்த செய்தி

செப்டம்பர் 17-ந் தேதி காண்டன் நகரில் இறங்கினார்கள். சன் யாட் சென் அம்மையார் நேரில் வந்து வரவேற்றார். அங்கிருந்து ஹாங்கௌ. அந்த நகரம் விழப்போகிற சமயம். காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு இச்சாங், பிறகு, சீன சர்க்கார் தலைநகரை மாற்றிக்கொண்டிருந்த சுங்கிங். ஒவ்வொரு ஊரிலும் ஆஸ்பத்திரி வேலை, ஆகாய விமானத் தாக்குதல், மறுபடி மூட்டை கட்டல்.

ஐவருக்கும் சீனப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவர் பெயரின் முதல் ஓசையை எடுத்துக்கொண்டு, கடைசியில் ஹுவா என்று சேர்த்தார்கள். ஹுவா என்றால் சீனா. கோட்னிஸ், கே தி ஹுவா ஆனார். பெயரிலேயே அந்த நாட்டைக் கட்டிவிட்டார்கள்.

சுங்கிங்கிலிருந்து வடக்கே, கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யேனானுக்குப் புறப்படவேண்டிய வேளையில், சோலாப்பூரிலிருந்து செய்தி வந்தது. தகப்பனார் இறந்துவிட்டார்.

தூரதேசத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் செய்தி எப்படிப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை. நாக்பாடாவிலோ செம்பூரிலோ அறையில் படுத்திருக்கும்போது ஊரிலிருந்து செய்தி வந்தால், கடன் வாங்கியாவது இரவோடு இரவாக வண்டி ஏறிவிடலாம். அப்போதும் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள் எத்தனையோ பேர். கோட்னிஸுக்கோ நடுவில் கடலும் யுத்தமும் கிடந்தன. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. ஊருக்குப் போய் வரும்படி உடனிருந்தவர்கள் சொன்னார்கள். போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவர் போகவில்லை. ஏற்றுக்கொண்டு வந்த வேலையை இன்னும் தொடங்கவே இல்லை என்பது அவர் எண்ணம். உற்சாகம் கொடுத்து அனுப்பிய தகப்பனாருக்குச் செய்யவேண்டிய கடமையும் அதுதான் என்று நினைத்திருக்கக்கூடும். தாயாரின் பக்கம் நின்று பார்த்தால் இதே கதை வேறு மாதிரி தெரியும். புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மாள் மகனையாவது பார்க்க நினைத்திருப்பார். இந்த விஷயத்தில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது சுலபமல்ல.

தினைக் கஞ்சி

1939 பிப்ரவரியில் யேனான் வந்து சேர்ந்தார்கள். மா சே துங் வரவேற்றார். இந்திய மக்கள் செய்த உதவிக்கு நன்றி தெரிவித்து அந்த மே மாதம் நேருவுக்குக் கடிதமும் எழுதினார்.

யேனான் பகுதி முழுவதும் மஞ்சள் நிற மண்மலை. மலையைக் குடைந்து வரிசை வரிசையாகக் குகை வீடுகள். ஆஸ்பத்திரியும் குகைதான், டாக்டர் குடியிருப்பும் குகைதான், பள்ளிக்கூடமும் குகைதான். குண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு ஓரளவு பத்திரம். குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளுமை. கதவும் ஜன்னலும் குகையின் முன்பக்கத்தில் மட்டும்தான். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, காகிதம் ஒட்டியிருப்பார்கள்.

சாப்பாடு தினை. நம் ஊரில் வள்ளி காவல் காத்தாள் என்று சொல்கிறோமே, அதே தினைதான். வடசீனத்து ஏழை விவசாயிக்கு அதுவே சோறு, அதுவே கஞ்சி. கூட உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, அவரை வகைகள். அரிசியையும் கோதுமையையும் காண்பது அபூர்வம். சோலாப்பூர்ப் பக்கத்தில் சோள ரொட்டி சாப்பிட்டு வளர்ந்தவருக்குத் தினைக் கஞ்சி அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் எண்ணெய், மிளகாய், மோர், ஊறுகாய் ஒன்றும் இல்லாத தினைக் கஞ்சியை நாள் தவறாமல், வருஷக்கணக்கில் குடிப்பது லேசான காரியமல்ல.

வெளிநாட்டு டாக்டர்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் நல்ல சாப்பாடு கொடுக்க ராணுவத்தார் முன்வந்தார்கள். கோட்னிஸ் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் சாப்பிடுவதையே தானும் சாப்பிட்டார். மற்றவர்கள் உடுத்திய பருத்தித் திணித்த நீலச் சட்டையையே தானும் உடுத்தினார். அவர்கள் போட்ட துணிச் செருப்பையே போட்டார். அந்தச் செருப்பைப்பற்றியும் சொல்லவேண்டும். கிராமத்துப் பெண்கள் பழைய துணியை அடுக்கடுக்காக வைத்து, சணல் நூலால் நெருக்கமாகத் தைத்து அடிப்பாகம் செய்வார்கள். ஒரு ஜோடி செய்யப் பல ராத்திரி ஆகும். தங்கள் புருஷனும் பிள்ளையும் வெறுங்காலோடு நடந்தாலும் ராணுவத்துக்கென்று தனியாகச் செய்து அனுப்பினார்கள். அப்படி ஒரு செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு தனிச் சாப்பாடு சாப்பிட எவருக்கு மனம் வரும்?

ஒரு வருஷக் கெடு முடிந்தது. சோல்கரும் முகர்ஜியும் 1939-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மீதி மூவரும் போர்முனைக்குப் போக அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் அடலுக்குத் தோல் வியாதி முற்றி அவரும் திரும்பவேண்டியதாயிற்று. பாசுவும் கோட்னிஸும் மட்டும் மிஞ்சினார்கள். திரும்புவதற்கு வாசல் இரண்டாம் முறையாகத் திறந்திருந்தது. கோட்னிஸ் மேலும் வடகிழக்கே நடந்தார்.

கல்லறை முன்னால்

அவர்கள் போய்ச் சேர்ந்தது ஷான்சி, சாஹார், ஹோபெய் என்ற மூன்று மாகாணங்களும் சந்திக்கிற மலைப்பகுதி. அங்கே தளபதி நியே ரோங் சென். சுற்றிலும் நகரங்கள், ரயில் பாதைகள் எல்லாம் ஜப்பானியர் கையில். மலையும் கிராமங்களும் மட்டும் சீனர் கையில். மருந்து வெளியிலிருந்து வருவது அபூர்வம்.

அவர்களுக்கு முன்னால் அங்கே ஒரு பெரிய டாக்டர் வேலை செய்திருந்தார். கானடா நாட்டு நார்மன் பெத்யூன். காயம்பட்டவன் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காதே, நீ அவனிடம் போ என்பது அவர் வகுத்த முறை. சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கோவிலிலும் விவசாயி வீட்டிலும் மேஜை போட்டு ஆபரேஷன் செய்தவர். ஆபரேஷனில் விரல் கிழிந்து விஷம் ஏறி 1939 நவம்பர் 12-ந் தேதி மாண்டுபோனார். 1940-ல் டாங் ஜில்லாவில் அவருடைய கல்லறை திறப்புக்கு கோட்னிஸ் போனார். பிறகு பெத்யூன் பெயர் சூட்டிய சர்வதேச சமாதான ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கல்லறைத் திறப்பின்போது கூட்டத்தில் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். குவோ சிங் லான் என்று பெயர். வைத்தியப் பள்ளியில் நர்ஸ்களுக்குப் பாடம் சொல்பவர். இந்தியாவிலிருந்து வந்த டாக்டர் சீன பாஷை பேசுகிறாரே, எழுதவும் செய்கிறாரே என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். கப்பலில் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தின் வேலை அது.

1940 இலையுதிர்காலத்தில் எட்டாவது மார்க்க ராணுவம் ஜப்பானியரின் ரயில் பாதைகளையும் காவல் நிலையங்களையும் ஒரே சமயத்தில் பல இடங்களில் தாக்கியது. நூறு ரெஜிமெண்டுகளின் தாக்குதல் என்று அதற்குப் பெயர். காயம்பட்டவர்களை விவசாயிகள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு, இருட்டில், மலைப்பாதையில் நடந்தே கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் 13 நாட்களில் 500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோட்னிஸ் ஆபரேஷன் செய்தார். தூக்கம் என்பது இரண்டு ஸ்ட்ரெச்சர்களுக்கு நடுவே கண்ணை மூடுவதுதான். கட்டுத் துணியைத் துவைத்துத் துவைத்துத் திரும்பவும் உபயோகித்தார்கள். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் எலும்பு முறிவுக்குக் கட்டும் பட்டைகளையும் கருவிகளையும் செய்துகொடுத்தார்கள்.

நன்றி என்ற சொல்லை இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். டாக்டருக்கு ஜனங்கள் நன்றி சொன்னார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த மலைக்கிராமங்களில் கணக்கு அப்படி ஒருபக்கமாக இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தவருக்கும் கூலி கிடையாது, தினையைக் கொடுத்த வீட்டுக்கும் விலை கிடையாது. ஆபரேஷன் ஆனவரை ஜப்பானியச் சிப்பாய்களிடமிருந்து காப்பாற்ற, தன் மகன் என்றும் புருஷன் என்றும் பொய் சொல்லிப் படுக்கவைத்துக்கொண்ட பெண்கள் உண்டு. கண்டுபிடித்தால் வீடே எரியும். இவர்கள் நடுவில் தான் பெரிய உதவி செய்யவந்தவன் என்ற நினைப்போடு ஒரு டாக்டர் இருக்கமுடியாது. அவர் பட்ட கடனும் சேர்ந்துகொண்டேபோயிற்று.

கறுப்பு அம்மா

பாசு யேனானுக்கு அழைக்கப்பட்டார். ஐவரில் ஒருவராக வந்தவர் இப்போது தனியாள். 1941 ஜனவரியில் கோட்னிஸ் பெத்யூன் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டராக நியமிக்கப்பட்டார். ஆஸ்பத்திரியும் பள்ளியும் டாங் ஜில்லாவில் கே கோங் என்ற கிராமத்தில் இருந்தன.

காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். பிறகு வகுப்பு. சீன பாஷையிலேயே அறுவை சிகிச்சைப் பாடம் நடத்தினார். மாணவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பாடப் புத்தகம் கிடையாது என்பதால் தானே எழுத உட்கார்ந்தார். அறுவை சிகிச்சையின் பொதுவிதிகள்பற்றி ஒரு நூலை முடித்து, அடுத்த நூலையும் தொடங்கினார். இரவில் எண்ணெய் விளக்கு. வட சீன வீடுகளில் செங்கல்லால் திண்ணை மாதிரி கட்டி, அடியில் அடுப்புப் புகையை ஓடவிட்டுச் சூடாக்குவார்கள். காங் என்று அதற்குப் பெயர். பகலில் உட்காருவதும் இரவில் படுப்பதும் அதன்மேல்தான்.

வேலையில்லாத நேரம் என்று ஒன்று கிடைத்தால் கிராமத்து ஜனங்களோடு போய் உட்கார்ந்துவிடுவார். அவர்கள் வயலிலும் கை கொடுத்தார். சிப்பாய்கள் அவருக்குக் கறுப்பு அம்மா என்று பெயர் வைத்தார்கள். மேனி நிறத்தைக் குறித்து நம்மவர்களை வேற்றூரில் கூப்பிடுகிற பெயர்கள் எல்லாம் காதுக்கு இனிமையாக இருப்பதில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து போர்வையை இழுத்துப் போர்த்துகிறவரை அம்மா என்று கூப்பிடும்போது, முன்னால் இருக்கிற சொல்லும் செல்லமாகிவிடுகிறது.

1941 இலையுதிர்காலத்தில் ஜப்பானியர் மலைப்பகுதியை வளைத்துக்கொண்டு கொல், எரி, சூறையாடு என்ற முறையில் தேடுதல் நடத்தினார்கள். ஆஸ்பத்திரியைச் சிறுசிறு பகுதியாகப் பிரித்துக் கிராமம் கிராமமாக மறைத்துவைத்தார்கள். அந்த அமளி ஓய்ந்த பிறகு அந்த வருஷக் கடைசியில் கோட்னிஸுக்கும் குவோ சிங் லானுக்கும் கல்யாணம் நடந்தது. 1942 ஆகஸ்டு 23-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. யின் ஹுவா என்ற பெயரைச் சொன்னவர் தளபதி நியே. யின் என்றால் இந்தியா. ஹுவா என்றால் சீனா. சோலாப்பூர் பாட்டி தன் பேரனைப் பார்க்காத தூரத்தில் இருந்தார்.

அந்த 1942 வசந்தத்தில் அங்கே பஞ்சம். ஜனங்கள் மரத்து இலையை வேகவைத்துத் தின்றார்கள். கிராமங்களுக்குப் பக்கத்தில் உள்ள மரங்களில் ராணுவத்தார் இலை பறிக்கக் கூடாது, அது ஜனங்களுக்கு வேண்டும் என்று நியே உத்தரவு போட்டார். இலைக்கும் உத்தரவு போடவேண்டிய காலம். அப்படிப்பட்ட காலத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி நடந்தது. ஜூலையில் கோட்னிஸ் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்ததில்லை.

கடைசி இரவு

இதற்கிடையில் அவருக்கே வியாதி வந்துவிட்டது. வலிப்பு நோய். முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. வேறு இடத்துக்கோ ஊருக்கோ போய் நல்ல சிகிச்சை எடுத்துக்கொள்ளும்படி ராணுவத்தார் வற்புறுத்தினார்கள். இது மூன்றாவது வாசல். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் போகமுடியாது என்று அவர் மறுத்துவிட்டார். வலிப்பு வந்து தெளிந்த மறுநாளே வகுப்புக்குப் போனதும் உண்டு. வைத்தியர் தனக்கென்று வரும்போது வைத்தியம் கேட்பதில்லை என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம் போலிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதத்தைப் பாராட்ட மனம் வரவில்லை. கைக்குழந்தை இருந்தது, அதன் தாய் இருந்தார்.

1942 டிசம்பர் 8-ந் தேதி இரவு வலிப்பு வந்தது. ஒன்று தெளியுமுன் இன்னொன்று. கூட இருந்த டாக்டர்கள் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். 9-ந் தேதி விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது 32. இரண்டாவது புத்தகம் பாதியில் நின்றது. குழந்தைக்கு மூன்றரை மாதம்.

சுற்றுப்புறக் கிராமத்து ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அந்தக் குளிரில், அந்தப் பஞ்சத்தில், கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? வந்து நின்றார்கள். மா சே துங்கும் சூ டேயும் இரங்கல் எழுதி அனுப்பினார்கள். சன் யாட் சென் அம்மையார் குவோ சிங் லானுக்குக் கடிதம் எழுதினார்.

பாசு 1943-ல் இந்தியா திரும்பினார். போனவர்கள் ஐவர், திரும்பியவர்கள் நால்வர். பத்திரிகையாளர் குவாஜா அகமது அப்பாஸ், ஒருவர் திரும்பி வரவில்லை என்று பொருள்படும் தலைப்பில் கோட்னிஸ் கதையைப் புத்தகமாக எழுதினார். அதை வைத்து வி. சாந்தாராம் 1946-ல் டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி என்ற படத்தை எடுத்தார். கோட்னிஸாக அவரே நடித்தார். குவோவாக ஜெயஸ்ரீ நடித்தார். சாந்தாராமின் ராஜ்கமல் ஸ்டூடியோ இருந்ததும் பரேலில்தான். கோட்னிஸ் டாக்டருக்குப் படித்த அதே வட்டாரம்.

அந்த வீடும் இந்த வீடும்

யுத்தம் முடிந்தது. சீனாவில் ஆட்சி மாறியது. குவோ சிங் லான் பல முறை இந்தியா வந்து புகுந்த வீட்டு மனிதர்களைப் பார்த்துப் போனார். 1962-ல் இரண்டு நாடுகளும் எல்லையில் சண்டை போட்டுக்கொண்டன. உறவு முறிந்து கிடந்தது. அந்த வருஷங்களிலும் கோட்னிஸின் கல்லறையைச் சீனர்கள் கைவிடவில்லை. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் யின் ஹுவா 1967-ல், படிப்பு முடிகிற தறுவாயில் இறந்துபோனார். புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த அந்த அம்மாள் 2012-ல், 96-வது வயதில் காலமானார்.

சீனத் தலைவர்கள் இந்தியாவுக்கு வரும்போது கோட்னிஸ் குடும்பத்தாரைத் தேடிச் சந்திப்பது வழக்கமாயிற்று. 2006-ல் ஹு ஜின்டாவ் மும்பையில் சந்தித்தார். 2013-ல் லீ கே சியாங் சந்தித்தார். டாக்டரின் சகோதரிகள் முதுமையில் தள்ளாடி வந்து அந்த விருந்தாளிகளோடு உட்கார்ந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சீனா 1982-லும் இந்தியா 1993-லும் அவருக்குத் தபால்தலை வெளியிட்டன. சோலாப்பூரிலும் நினைவகம் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒருநாள் அங்கே இறங்க லீவு இருக்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஹோபெய் மாகாணத்தின் தலைநகர் ஷிஜியாஜுவாங். அங்கே தியாகிகள் பூங்காவில் பெத்யூனுக்கு ஒரு பக்கமும் கோட்னிஸுக்கு ஒரு பக்கமும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏப்ரல் மாதம் சீனர்கள் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து கும்பிடுகிற நாளில் அவருக்கும் மலர் வைக்கிறார்கள். பக்கத்திலேயே சின்ன மியூசியம். போட்டோக்கள், டாக்டர்கள் உபயோகித்த சில ஆபரேஷன் கருவிகள். அவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. ராஜபுதானா கப்பலில் போகும்போது ஒவ்வொரு சொல்லாக அவர் எழுதிக்கொண்ட நோட்டு அது.